வீட்டு நாயும் வீட்டாரின் கடமையும்



கொங்கு நாட்டில் நாயில்லாத தோட்டத்துச் சாளையைக் காண்பது அரிது. பட்டியில் அடைத்த ஆடுகளுக்கும், தனித்திருக்கும் வீட்டிற்கும் அதுவே இரவுக் காவல். இந்நாளில் கோவை நகரின் அடுக்குமாடி இல்லங்களிலும் அது குடியேறிவிட்டது. ஆதலால் வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் நாய் வளர்ப்போர் நம்மிடமும் சில ஐயங்களைக் கேட்கின்றனர். அவற்றிற்குக் கால்நடை மருத்துவர்கள் கூறும் விடைகளை இம்மாதம் தொகுத்துத் தருகிறோம்.

"நாங்கள் உண்ணும் சோறே நாய்க்குப் போதுமா?" என்பது முதல் வினா. நாய் ஓநாயின் வழிவந்ததுதான். ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரை அண்டி வாழ்ந்தமையால், வெந்த சோற்றையும் களியையும் செரிக்கும் ஆற்றல் அதற்கு வாய்த்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்றும் இதனை உறுதிசெய்தது. எனவே சோறு தீங்கன்று. ஆனால் வெறும் சோறு போதாது. வேகவைத்த முட்டையோ, எலும்பு நீக்கிய இறைச்சியோ உடன் சேர வேண்டும். உப்பும் காரமும் வேண்டா. வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் ஒத்துக்கொள்ளாது; வயிற்றுப்போக்கு உண்டாகும். குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளையும், வளர்ந்த நாய்க்கு இரு வேளையும் உணவளித்தல் நன்று.

"வெள்ளிக்கிழமையன்று நாய்க்கும் இறைச்சியை நிறுத்த வேண்டுமா?" என்று கேட்கும் சிறுவர்களும் உண்டு. சுத்தபோசனக் கட்டளை 14 வயது நிறைந்த மனிதருக்கே உரியது. நாயை அதில் சேர்க்க வேண்டுவதில்லை!

"எதனைக் கொடுக்கலாகாது?" என்பது அடுத்த வினா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையும் சின்ன வெங்காயமும் திராட்சையும் நமக்கு நல்லுணவு, நாய்க்கோ நஞ்சு. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, பச்சையாயினும் உலர்ந்ததாயினும், சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. சாக்லேட் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே கிறிஸ்து பிறப்பு விழாவன்று அன்பின் மிகுதியால் கேக்குத் துண்டை நாய்க்கு ஊட்டாதீர்கள். பிரியாணியில் எஞ்சிய கோழி எலும்பையும் போடாதீர்கள். வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

"உணவின் அருகே சென்றால் உறுமுகிறது, அடித்துத் திருத்தலாமா?" என வினவுவோர் பலர். உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. அடித்து அதனை அடக்கினால், மறுமுறை எச்சரிக்காமலேயே கடித்துவிடக்கூடும். நாய் உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் குழந்தைகளை அதனருகே விடாதிருப்பதே அறிவுடைமை. வாலாட்டுவதெல்லாம் நட்பின் அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. உடல் விறைத்து, வாலை உயர்த்தி மெல்ல அசைக்கும் நாய் கடிக்கவும் கூடும்.

பகல் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் அச்சத்தாலும் சலிப்பாலும் ஓயாது குரைக்கும், நாளடைவில் மூர்க்கமடையும். காலையும் மாலையும் வெளியே நடத்திச் செல்லுங்கள். வெடிச் சத்தத்திற்கு அது நடுங்கி ஒளிவதைக் கண்டு நகைக்காதீர்கள். நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். தீபாவளி நாளில் அதனை வீட்டினுள் அமைதியான மூலையில் இருக்கச் செய்யுங்கள்.

இனிக் கூறுவதைப் பெற்றோர் கருத்தாய்ப் படிக்க வேண்டுகிறோம். "வீட்டு நாய்தானே, கடித்தால் என்ன?" என்னும் அசட்டை உயிரைப் பறிக்கவல்லது. வெறிநோய் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. கடித்த இடத்தில் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ அப்பலாகாது. உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். கீறல் சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடி விழும் என அஞ்சிப் பிள்ளைகள் மறைத்துவிடுவதுண்டு. மறைக்கலாகாது என்பதை முன்னரே அன்பாய்ச் சொல்லி வையுங்கள்.

குன்னூரில் 1907-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையம் இந்நோய்க்கு எதிராக நம் மக்களுக்குப் பல்லாண்டுகள் அரும்பணி ஆற்றியது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளை எண்ணி இன்றும் அஞ்சுவோர் உளர். அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் மருத்துவர் குறிக்கும் நாள்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. ஆழ்ந்த காயமாயின், வேறொரு மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர்.

நாய்க்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் தடுப்பூசி, ஒரு மாதத்தில் மறு ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் விட்டுவருவது பெருங்குற்றம். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. நட்டமடைந்த உழவர்கள் இறந்த ஆடுகளோடு சாலையில் அமர்ந்து போராடியதை நாம் அறிவோம். எவரோ கைவிட்ட குட்டியும் அத்தகைய கூட்டத்தில் சேரக்கூடும். குட்டிகள் வேண்டாவெனில் கருத்தடை செய்துகொள்ள வழியுண்டு.

நாயின் வாய்க்குள் செல்வதற்கு மட்டுமன்று, அந்த வாயால் பிறர்க்கு விளையும் தீங்கிற்கும் வளர்ப்பவரே பொறுப்பாவார். இல்லத்தில் நாய் வளர்ப்போர், அதற்குத் தடுப்பூசி போட்ட நாள் எதுவென இன்றே பாருங்கள். ஓராண்டு கடந்திருப்பின், இவ்வாரமே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்கு அதனை அழைத்துச் செல்லுங்கள்.