விளக்கெண்ணெயோடு நின்றுவிடலாமா?

கொட்டமுத்து என்றதும் நமக்கு விளக்கெண்ணெய்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த எண்ணெயிலிருந்து நைலான் 11 என்ற பிளாஸ்டிக்கும் தயாராகிறது. 1940களில் பிரான்சில் உருவான இது, கேபிள் உறைகளுக்கும் மின்னணுச் சாதனங்களின் பாகங்களுக்கும் பயன்படுகிறது. ஜப்பானின் சோனி கம்பெனி 2002லேயே மக்காச்சோளப் பிளாஸ்டிக்கில் வாக்மேன் மேலுறை செய்தது.

உலக ஆமணக்கில் பெரும்பகுதி விளைவது நம் நாட்டில், அதிலும் குஜராத்தில். நாமோ எண்ணெயாகப் பிழிந்து ஏற்றுமதி செய்வதோடு திருப்தி அடைகிறோம். பிரெஞ்சுக் கம்பெனியான ஆர்கெமா 2022ல் சிங்கப்பூரில் இதற்கென ஆலை திறந்தது. அரிசியை விற்றுவிட்டு இட்லியை விலைக்கு வாங்குவதா வியாபாரம்? இத்தகைய ஆலைகள் இங்கேயே வர அரசு சலுகை தர வேண்டும். வித்துக்கு உள்ளூரிலேயே கிராக்கி இருந்தால் விவசாயியும் பிழைப்பார், மண்டியும் பிழைக்கும்.

ஓர் எச்சரிக்கை. செடியில் பிறந்ததெல்லாம் மண்ணில் மக்கிவிடாது. நைலான் 11 மக்காது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. “செடியில் செய்தது” என்ற பேச்சை மட்டும் நம்பிப் பைக்கட்டு வாங்காதீர்கள். சான்றிதழும் பில்லும் கேளுங்கள். விற்றவர் போய்விடுவார், அபராதம் கட்டுவது கடைக்காரர்தான்.