கணக்கச்சம் எங்கே பிறக்கின்றது?

“எனக்கும் கணக்கு வந்ததில்லை; என் மகளுக்கும் வரவில்லை.” பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே இவ்வாறு கூறும் பெற்றோரை நாம் நாளும் காண்கின்றோம். மூக்கும் முழியும் போலக் கணக்கறிவும் வழிவழி வருவதென்று எண்ணுகின்றனர் போலும்! கேட்டு நிற்கும் பிள்ளையோ அதனைத் தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகவே கொள்கின்றது. மறுநாள் கரும்பலகையின் முன் அதன் கை நடுங்குவது அறிவுக் குறைவால் அன்று, அந்தத் தீர்ப்பால்.

அப் பெற்றோர்க்குக் கணக்குத் தெரியாது என்பதாவது உண்மையா? விடியலில் வாயில் தெளித்து நேர்ப்புள்ளிக் கோலமிடும் தாயைப் பாருங்கள். நடுவரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 5, 3, 1. மேலிருந்து நடுவரிசை முடிய 1, 3, 5, 7 என்பவற்றைக் கூட்டினால் 16. அது நாலு நாலு. எஞ்சிய கீழ்ப்பகுதி 5, 3, 1, கூட்டினால் 9, அது மும்மூன்று. ஒன்று தொடங்கி ஒற்றைப்படை எண்களை வரிசையாய்க் கூட்டினால், கூட்டிய எண்கள் எத்தனையோ அத்தனையை அத்தனையாற் பெருக்கிய தொகை வரும் என்னும் உண்மை அவ் வாயிற்படியில் நாள்தோறும் வரையப்படுகின்றது. வரைந்தவளோ தனக்குக் கணக்கு வராது என்கின்றாள்! மூலைமட்டம் பார்க்க ஒருபுறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் அளந்து, குறுக்கே 5 அடி வருகின்றதா என்று நூல்பிடிக்கும் கொத்தரும் அவ்வாறே கூறுகின்றார்.

இவர்கள் வாயடைத்து நிற்பதற்குத் தலையாய கரணியம் மொழி. ஆங்கிலவழியிற் பயிலும் பிள்ளை ‘திரீ பை போர்’ என்று நெட்டுருச் செய்கின்றது. ‘முக்கால்’ என்று தாய் சொன்னால் விழிக்கின்றது. ஆனால் முக்கால் என்னும் சொல்லிலேயே மூன்று கால்கள் இருக்கின்றனவே! அரைக்கால் என்பது காலில் அரை; அஃதாவது 1/8. சொல்லே பெருக்கிக் காட்டுகின்றது. மாகாணி என்பது மாவும் காணியும். 1/20-உம் 1/80-உம் சேர்ந்து 1/16. இங்கே சொல்லே கூட்டிக் காட்டுகின்றது. 1957-இல் புதுக்காசு வருமுன், உருபாவில் மாகாணியே ஓரணாவாக வழங்கிற்று. மாவையும் காணியையும் மீண்டும் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. அரையையும் காலையுமாவது வீட்டில் வழங்குங்கள் என்கின்றோம். பதினொன்று, பன்னிரண்டு எனும்போது பத்து உள்ளிருப்பது செவிக்கே புலனாகும். ‘இலெவன்’, ‘டுவெல்வு’ என்பவற்றில் அது புலனாகாது. (நம்மிலும் தொண்ணூறு சற்றே இடறும்; அதனை மறைக்க வேண்டா.) பள்ளிச் சொல்லையும் பிள்ளை கற்கத்தான் வேண்டும். ஆயின் பொருள் தமிழில் விளங்கிய பின் அச் சொல் வெறும் பெயரளவே.

துணைசெய்வதிலும் ஒரு முறை உண்டு. சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்று கருதத்தக்கது. தாமே கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுக்கணக்கில் துணைசெய்யப் புகுந்தவிடத்து, முதலிரு வகுப்புப் பிள்ளைகள் அவ்வாண்டிற் குறைவாகவே கற்றனர், அச்சமும் மிகுந்தது. அடிக்கடி புகாதவிடத்து அத் தீங்கு காணப்படவில்லை. அச்சமும் ஒட்டும் என்பதே செய்தி. ஆகவே விடையைத் தாமே எழுதிக் கொடுப்பதும், “இதுகூடவா தெரியாது?” என்று அதட்டுவதும் துணையாகா. அருகில் அமர்ந்து, “எப்படிச் செய்தாய், சொல்” என்று கேட்பதே துணை. அரையும் காலும் கூட்டி 2/6 என்று பிள்ளை எழுதினால் அடித்துத் திருத்தற்க. 2/6 என்பது மூன்றில் ஒன்று. அரைத் தோசையின் பக்கத்தில் கால் தோசையை வைத்து, “அரையோடு சேர்த்தபின் அரையினும் குறையுமோ?” என்று கேளுங்கள். பிள்ளை சிரிக்கும்; தானே அழித்தெழுதும். அதற்குப் பெற்றோர் பட்டம் பெற்றிருக்கத் தேவையில்லை; திங்கள்தோறும் தனிப்பயிற்சிக்குக் கொட்டிக் கொடுக்கவும் தேவையில்லை.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தைப் பிளவாமலே சுளையெண்ணும் வழியொன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்லும். இவ்வேனிலில் பழம் வாங்கினால் கத்தி எடுக்குமுன் பிள்ளையிடம் கொடுங்கள். அது எண்ணிப் பெருக்கி வகுத்துச் சொல்லட்டும். பிறகு வீட்டார் அனைவரும் சூழ்ந்திருந்து சுளைகளை எண்ணுங்கள். தொகை மாறி வந்தால், பிழை தன் எண்ணலிலா நூலிலா என்று பிள்ளையே உங்களோடு வழக்காடட்டும்.