அரைத்துளையில் நின்றுபோகிறவர்கள்

புல்லாங்குழலைத் தாமே கற்கப் புகுவோரில் பலர் ஓரிரு மாதங்களில் அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "நமக்கு ஞானம் போதாது" என்பார்கள். குறை ஞானத்தில் இல்லை, அவர்கள் புகுந்த வாயிலில் இருக்கிறது என்பது என் துணிபு.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குழல் பெரும்பாலும் சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடைகளில்தான் அறிமுகமாகிறது. நுனியில் வாய்வைத்து ஊதுவது ஒரு வகை. 1843-இல் இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் தகரத்தில் செய்யத் தொடங்கிய 'டின் விசி'லுக்கு அது உறவுமுறை. குழந்தை ஊதினாலும் ஒலிக்கும். பக்கவாட்டில் பிடிப்பது மற்றொன்று. உதட்டின் கோணம் பிடிபடும்வரை அதில் வெறுங்காற்றுதான் வரும். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

அவர்களுள் ஒரு சாரார் புத்தகத்தை நாடுகிறார்கள். புத்தகம் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அம்முறை குரலுக்குப் பொருத்தமானது. குழலிலோ அந்த இராகத்தின் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். விரல் இன்னும் பழகாதவனுக்கு முதற்பாடமே அரைத்துளை! இரண்டாம் சுரத்திலேயே இடறியவன் தன் விரலை நொந்துகொண்டு எழுந்துவிடுகிறான்.

விரலுக்கு எண் இட்டுத் திரைப்பாடல்களை வாசிப்பது இன்னொரு வழி. கையெழுத்துத் தாள்களில் இருந்த இது இப்போது காணொளிகளில் பெருகிவிட்டது. ஒரு வாரத்தில் ஒரு பாட்டு வந்துவிடும், உண்மைதான். ஆனால் எண் இல்லாமல் அடுத்த பாட்டு வராது. கண் படிக்கிறது, விரல் கீழ்ப்படிகிறது, செவிக்கு அங்கு வேலையே இல்லை.

செவியால் கற்றவருக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம், குழலைத் தாமே கற்றுக்கொண்டவர். 1933-இல், ஏழு வயதில், மயிலாப்பூரில் கச்சேரி செய்தார். சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ் வழிவந்த விரல்முறையிலிருந்து விலகி, குரலின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்தார். இதை மேதைமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவர் வாய்ப்பாட்டு ஒலிக்கும் வீட்டில் வளர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கைக்குத்தான் ஆசிரியர் இல்லை, செவிக்கு இருந்தார். (ஏகலைவனை இங்கே இழுத்து வருபவர்கள் கட்டைவிரலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.)

அப்படியொரு வீடு வாய்க்காத பிள்ளை என்ன செய்வது? குழலையே கேட்கலாம். நம் குழலில் அரைத்துளை இன்றி விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தால் இயல்பாக எழுவது அரிகாம்போதி; செம்பாலை என்று ஆய்வாளர் பலர் கொள்வது அதனையே. அதில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டால் மோகனம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைக் குழலின் பண் அதுவே என்பாரும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் தீக்கடைகோலால் துளையிட்டுத் தானே குழல் செய்து பாலைப்பண் வாசிக்கிறான்; அது அலுத்ததும் குமிழங்கொம்பில் வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண்ணுக்குப் போகிறான். அவன் கையில் எண்ணிட்ட தாள் இல்லை.

மோகனத்தின் ஐந்து சுரங்களில் தெரிந்த பாட்டொன்றைத் தடவித் தடவித் தேடுபவன் ஒரு மாதம் தவறாகவே வாசிப்பான். தவறு என்று அவனுக்குக் கேட்கிறதே, அதுதான் பாடம். அரைத்துளை பின்னர் வரட்டும். தேவைப்படும்போது விரல் தானே சாயும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எனப் பிரிவுகள் உள்ளன. குழல் அவற்றில் இல்லை. இளங்கோவடிகளை மேடைதோறும் போற்றும் நாட்டில் இது விந்தைதான். அந்தப் பிரிவு வரும்வரை, தொடக்கநிலைக் குழல்நூல் எழுதுவோராவது மாயாமாளவகௌளையை இருபது பக்கம் தள்ளிவைக்கலாம்.