பட்டறைக் கத்திக்கும் பரிசோதனை வேண்டும்



திண்டிவனத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டிப் பக்கத்து ஆட்கள் கேட்டு வாங்குவது பட்டறைக் கத்தியைத்தான். ஆனால் ஒரே பட்டறையில் ஒரே நாளில் அடித்த கத்திகளில் ஒன்று சீசன் முழுக்க உழைக்கிறது. இன்னொன்று சில நாளிலேயே வாய் மடங்கிவிடுகிறது, அல்லது பல் பல்லாகப் பெயர்கிறது. இரண்டு கத்தி கெட்டால் வெளியூர் வியாபாரி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புகிறார். கொல்லரின் கூலி போய்விடுகிறது.

கொல்லரை மட்டும் குறை சொல்வது அநியாயம். கத்தி அடிக்க எடுக்கும் பழைய லாரி வில்பட்டை நல்ல எஃகு. பழைய இரும்புக் கடையில் அதோடு கலந்து வரும் சாதாரண இரும்பை எத்தனை முறை தோய்த்தாலும் கடினப்படாது. சூட்டை நிறம் பார்த்தே கணிக்கிறார்கள். வெயிலில் நிறம் மங்கித் தெரிவதால் சூடு கூடிப்போகிறது. தோய்த்தபின் மறுபடி இளஞ்சூடு காட்டாவிட்டால் வாய் நொறுங்கும்.

வாங்கும்போது வாய் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. அரம் பிடித்தால் ஏறவில்லை. ஆனால் நொறுங்குமா என்பதை அரம் சொல்லாது; கடினம் அளவுக்கு மீறியதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கின்றன. அங்கே பொறியியல் மாணவர்கள் பழகும் ராக்வெல் கடினத்தன்மைச் சோதனையை மாதம் ஒருநாள் கொல்லர்களுக்கும் திறந்துவிடலாம். தேறிய கத்தியில் பட்டறையின் முத்திரை விழட்டும். மாவட்டத் தொழில் மையம் அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்பே இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.

– இரும்புக் கடைக்காரர், திண்டிவனம்