முயலை வென்ற வீரர்கள்

நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஓர் இளைஞன் வருகிறான். உத்தியோகத்தை உதறிவிட்டு, ஒரு கித்தான் கூடாரத்தையும் துப்பாக்கியையும் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக மலைக்காட்டுக்குப் போகிறான். மூன்றாம் நாள் ஒரு முயலைச் சுட்டு, நெருப்பில் வாட்டித் தின்கிறான். அன்றிரவு நட்சத்திரங்களைப் பார்த்தபடி படுத்திருக்கும்போது அவனுக்கு வாழ்க்கையின் உண்மை விளங்கிவிடுகிறது.

அந்தக் கதையிலேயே அதிகக் கடிதங்களைக் கொண்டுவந்து குவித்தது இந்த அத்தியாயம்தான். பாராட்டுக்களைப் படித்து நானும் உச்சி குளிர்ந்திருந்தேன். அப்போது ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. பண்பான மனிதர், நல்ல கையெழுத்து. “ஐயா, அந்தக் காடு எங்கே இருக்கிறது? எந்த மாதம் போனால் முயல் கிடைக்கும்? கவுதாரி உண்டா? நானும் ஒரு வாரம் தனியாகப் போய்த் தங்கலாமென்று இருக்கிறேன்” என்று கேட்டிருந்தார்.

என் உச்சி குளிர்ந்தது போதுமென்று ஆகிவிட்டது. அவருக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. அவரைப் போல எண்ணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததால், இங்கே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். முதல் குற்றவாளி நானே என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த அத்தியாயம் பொய்.

பொய்யென்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் மாமா ஒருவர் இரவு வேட்டைக்கு என்னை அழைத்துப் போனார். நெற்றியில் பாட்டரி விளக்கு. கையில் ரவை போட்டுக் கெட்டித்த நாட்டுத் துப்பாக்கி. விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் ஓடாது, திகைத்து நின்றுவிடும். அப்படி நின்ற முயலைத்தான் மாமா சுட்டார். குண்டு பட்டது. ஆனால் அது சாகவில்லை. பின்னங்கால்கள் ஒடிந்து, கைக்குழந்தை அழுவதுபோல் கத்திற்று. “பாத்துக்கிட்டு நிக்கிறியே, போய்ப் பிடிடா!” என்றார் மாமா. போய்ப் பிடித்தேன். என் இரண்டு கைகளுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் குழம்பு வைத்தார்கள். நானும் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

என் கதாநாயகனின் முயலோ சத்தமில்லாமல் ஒரே குண்டில் செத்தது. அது கத்தியிருந்தால் அந்த இரவு அவனுக்கு ஞானம் பிறந்திருக்காது; தூக்கம்தான் கெட்டிருக்கும். அதனால் நான் அதைக் கத்தவிடவில்லை. இதுதான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம்.

அடுத்து, “தனியாக” என்ற வார்த்தையைப் பார்ப்போம். காட்டில் தனித்திருந்த மகான் என்றதும் படித்தவர்கள் தோரோவின் பெயரைச் சொல்வார்கள். அவர் 1845 ஜூலை 4-ஆம் தேதி வால்டன் குளக்கரையில் குடியேறினார். நிலம் அவருடைய நண்பர் எமர்ஸனுடையது. ரயில் பாதை அந்தக் குளத்தை ஒட்டியே போயிற்று. நினைத்தபோது நடந்து ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது வேறொன்று: காட்டுக்குப் போகுமுன்பே அவர் தம் துப்பாக்கியை விற்றுவிட்டார். தம் மொச்சைத் தோட்டத்தைப் பாழ்படுத்திய, அணில் இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியைக் கொன்று தின்றதும் உண்டு. ஆனால் அதை அவர் ஞானமென்று சொல்லிக்கொள்ளவில்லை. சிறுவர்களைக் காட்டுக்கு இழுத்துச் செல்வது வேட்டையாக இருக்கலாம், வளர்ந்தபின் துப்பாக்கியை விட்டுவிட வேண்டும் என்பதே அவர் கட்சி. நம்மவர்கள் வளர்ந்தபின் அல்லவா துப்பாக்கியைத் தேடுகிறார்கள்!

சேலம், தருமபுரிக் காடுகளில் வேட்டையாடிப் புத்தகங்கள் எழுதிய கென்னத் ஆண்டர்ஸனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கதைகளைப் படித்த பையன்கள் “ஒற்றை ஆளாய்ப் போய்ப் புலியைச் சுட்டார்” என்று வியப்பார்கள். ஆனால் அந்தப் பக்கங்களில் பைரா என்ற பூசாரி வருகிறார். தடம் பார்க்கவும் காட்டின் ஓசைகளைப் படிக்கவும் தெரிந்த காட்டு மனிதர் அவர். ஆண்டர்ஸன் அவரை நண்பரென்று நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். மறந்துபோனவர்கள் நாம்தான்.

நம் கண்ணப்பரையும் சிலர் சாட்சிக்கு இழுக்கிறார்கள். “அவர் வேடர்தானே? வேட்டையாடித்தானே முக்தி பெற்றார்?” என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் அவர் வேடர் குலத்தில் பிறந்தவர். வேட்டை அவருக்குப் பிழைப்பு, விடுமுறைப் பொழுதுபோக்கு அல்ல. அவர்கூடத் தனியாகப் போகவில்லை; நாணனும் காடனும் உடன் போனார்கள்.

இப்போது வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் கவுதாரியையும் காடையையும் உடும்பையும் வேட்டையாடக் கூடாதென்கிறது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும் வேட்டைதான். 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்திவிட்டார்கள். சிறைவாசமும் உண்டு. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குத் தேன் எடுக்கலாம், கிழங்கு அகழலாம், ஆடுமாடு மேய்க்கலாம் என்றெல்லாம் உரிமை தந்த அந்தச் சட்டம், வேட்டையாடும் உரிமையை மட்டும் தரவில்லை. தெளிவாக விலக்கியே வைத்தது.

இதன் பொருளைச் சற்று யோசியுங்கள். பாட்டன் காலத்திலிருந்து கண்ணி வைத்துப் பிழைத்த இருளர், “இனி வேண்டாம்” என்றதும் விட்டுக்கொடுத்திருக்கிறார். விட முடியாமல் பசிக்கு ஒரு முயலைப் பிடித்தவர் கோர்ட்டு வாசலில் நிற்கிறார். அவர் அடுப்பிலிருந்து நாம் எடுத்துவிட்ட முயலை, மூன்று வேளையும் சாப்பிட்டு, சனிக்கிழமை இரவு மோட்டாரில் வந்து இறங்குகிற நகரத்துக் கனவான் தம் ஆன்ம விசாரத்துக்காகச் சுட்டுத் தின்னலாமா? சட்டம் கிடக்கட்டும், நியாயம் என்ற ஒன்று இருக்கிறதல்லவா?

“சின்னப் பிராணிதானே, குறைந்தா போய்விடும்?” என்று கேட்பார்கள். வட அமெரிக்காவில் பயணப் புறா என்றொரு பறவை இருந்தது. கூட்டம் பறந்தால் சூரியனை மறைக்குமாம். கோடி கோடியாக இருந்தது. அதையும் சின்னப் பறவைதானே என்றுதான் சுட்டார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி ஸின்ஸினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் இமயமலையிலேயே ஒரு காடை இனம் இருந்தது. 1876-க்குப் பிறகு அதைக் கண்டதாக உறுதியான சான்று இல்லை.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் முயலும் அணிலும் சுட அனுமதிச் சீட்டு உண்டு. பருவமும் எண்ணிக்கையும் கட்டுப்பாட்டில் உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியை விலங்குகளின் நலனுக்கே செலவிட 1937-இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். வேட்டைக்காரர்களின் பணத்தில் அங்கே பல காடுகள் பிழைத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே அகன்ற நிலமும் குறைந்த ஜனமும் இருக்கின்றன. இங்கே காட்டின் ஓரம் என்பது ஊரின் ஓரம். முயல் இல்லாமற்போனால் சிறுத்தை பட்டினி கிடக்காது. நம் நாயையும் ஆட்டுக்குட்டியையும் தேடி வரும். அப்போது அதைச் சுட வேண்டுமென்று நாமே மனுக் கொடுப்போம்.

கூடாரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. அனுமதியில்லாமல் ஒதுக்குக் காட்டில் நுழைவதும் அங்கே தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு முதலே குற்றம். நட்சத்திரம் பார்க்கிறவனுக்கு நெருப்பு ஓர் அலங்காரம். கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு அது அலங்காரமல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத் தீயில் சிக்கி மாண்டார்கள். அந்தத் தீ எப்படி மூண்டது என்பது வேறு விஷயம். மூண்டபின் மலைச்சரிவில் மனிதனால் அதை முந்தி ஓட முடியாது என்பதை அன்று பார்த்தோம்.

வீரம் என்கிறார்களே, அதைப் பற்றி நான் சொல்வானேன்? திருக்குறளில் ‘படைச்செருக்கு’ என்ற அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். முயலை வீழ்த்துவதை வள்ளுவர் வீரத்தின் கணக்கில் சேர்க்கவே மறுத்துவிட்டார்.

கடிதம் எழுதிய நண்பரே, காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போங்கள். முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு நியாயமான கூலி கொடுத்து, அவர் பின்னால் நடங்கள். விடியற்காலையில் புதர் ஓரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் முயல் தானே வரும். காதை ஆட்டிக்கொண்டு புல் கடிக்கும். ஜிம் கார்பெட் கடைசிக் காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவையே விரும்பிச் சுமந்தார். கார்பெட்டைவிடவா நாம் பெரிய வேட்டைக்காரர்கள்?

தொடர்கதை விரைவில் புத்தகமாக வருகிறது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். இளைஞன் சுடுகிறான், முயல் சாகவில்லை, கத்துகிறது. மற்றது உங்கள் விருப்பம். முன்போலப் பாராட்டுக் கடிதங்கள் வராதென்று பதிப்பாளர் சொல்கிறார். வராவிட்டால் போகட்டும்.