நகலெடுக்கப்படுவது தரவு மட்டுமன்று

பயன்பாட்டிலுள்ள தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுத்துச் சோதனைச் சர்வரில் ஏற்றுவதைத் தொழில்நுட்பத் தேவை என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. அது தேவையன்று, வசதி. பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல் டம்ப் போன்ற கருவிகளில் ஒரே கட்டளை போதும். லட்சக்கணக்கான பதிவுகள் இடம் மாறிவிடும். எளிதில் செய்ய முடிகிறது என்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது.

பல்கலைக்கழகமொன்றின் மாணவர் தரவுத்தளத்தில் இருப்பவை எவை? பிறந்த தேதி, சாதி, பெற்றோர் வருமானம், வங்கிக் கணக்கு, மாற்றுத்திறன் சான்று. சேர்க்கைக்காகவும் உதவித்தொகைக்காகவும் மாணவர் அளித்தவை இவை. புதிய படிவமொன்று சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக அளித்தவை அல்ல. நகலோடு தரவு செல்கிறது, காவல் செல்வதில்லை. சோதனைச் சர்வரின் கடவுச்சொல் பெரும்பாலும் பலருக்குப் பொது. வேலை முடிந்தபின் நகலை அழிக்கும் பொறுப்பு எவருக்கும் இராது.

இது கற்பனை அச்சமன்று. நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு கிளவுட் சேவையொன்றைச் சோதித்தபோது நேர்ந்த பிழையால் 32 லட்சம் பேரின் விவரங்கள் 87 நாட்கள் இணையத்தில் திறந்து கிடந்தன. அவர்களுள் சிறாரும் லட்சக்கணக்கில் இருந்தனர். 2021இல் அபராதம் விதித்த அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம், செயற்கைத் தரவைக் கொண்டே அச்சோதனையை நடத்தியிருக்கலாம் எனச் சுட்டியது.

'பெயர்களை நீக்கிவிட்டோம்' என்பது அடுத்த சமாதானம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே மதிப்பிட்டார். பன்னிரண்டு ஆய்வாளர்களே உள்ள துறையில் பழங்குடிப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவரே இருப்பின், அவரை அறியப் பெயர் எதற்கு?

செயற்கைத் தரவில் உண்மைப் பிழைகள் வெளிப்படா என்ற வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஒற்றைச் சொல் பெயர்கள், விடுபட்ட தேதிகள், இருமுறை பதிவான எண்கள் ஆகியவை மென்பொருளை நிலைகுலையச் செய்பவையே. ஆயினும் அந்த ஒழுங்கின்மைகளைப் பட்டியலிட்டுச் செயற்கையாகவே உருவாக்க இயலும். வேகத்தைச் சோதிக்கப் பதிவுகளின் எண்ணிக்கை வேண்டும். மனிதர்களின் மெய்விவரம் வேண்டியதில்லை. தவிர்க்கவே இயலாத இடத்தில் சிறு பகுதியை மட்டும் எடுத்து, மூலத்தை விட்டு வெளியேறுமுன்பே மறைத்து, அழிக்கும் நாளையும் குறித்துவிட வேண்டும். நகலெடுத்த பின் மறைப்பது, கதவைத் திறந்துவிட்டுப் பூட்டைத் தேடுவதாகும்.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைக் குறிப்பிட்ட நோக்கத்தோடு பிணைக்கிறது. பாதுகாப்பில் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. இருபது பேரிடம் வினாத்தாள் அளிக்க ஆய்வாளரிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேட்கும் நிறுவனங்கள், தம் மாணவர் அனைவரின் விவரங்களையும் நகலெடுக்க எவரிடம் அனுமதி பெறுகின்றன? எத்தனை நகல்கள் உள்ளன, எவர் கையில் உள்ளன, எப்போது அழிக்கப்படும் என்று ஒவ்வொரு கல்விப் பேரவையிலும் கேட்கப்பட வேண்டும். விடை இல்லையெனில், அங்கே சோதிக்கப்படுவது மென்பொருளன்று, மாணவரின் நம்பிக்கை.