காணிக்கு விலை கூறுவோர் யாருக்குக் கணக்குக் கூறுவர்?

வைத்தியர் தவறினால் நோயாளி அறிவான். வழக்கறிஞர் தவறினால் கட்சிக்காரன் நீதிமன்றப் படியிறங்கும்போதே அறிந்துகொள்வான். விலைமதிப்பாளர் தவறினால் மட்டும் அதனை அறியும் வாய்ப்புக் காணிச் சொந்தக்காரனுக்கு எளிதிற் கிட்டுவதில்லை. அறிக்கை வங்கிக்குப் போகின்றது. அல்லது திணைக்களத்துக்குப் போகின்றது. உழுதவன் கைக்கு வந்துசேர்வது ஒரு தொகை மாத்திரமே. அத்தொகை எவ்வாறு பிறந்தது என்று கேட்டால், “மதிப்பீடு அப்படி” என்பார்கள். மதிப்பீடு என்ன வானத்திலிருந்து விழுந்ததா?

இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகம் 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனப் பட்டப்படிப்பும் உண்டு. ஆகவே இஃது எவரும் தம் விருப்பப்படி செய்யும் தரகுத் தொழிலன்று. சட்டத்தின் பெயரால் நடைபெறும் தொழில். சட்டத்தின் பெயரால் உரிமை பெற்றவர்கள் மக்களுக்குக் கணக்குக் கூறவும் கடமைப்பட்டவர்கள் என்பதே நமது வாதம்.

பெரியகல்லாற்றை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே ஒடுங்கிய நிலம். வீடும் வளவும் எழுவான்கரையில். வயலோ பலருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில். இங்கே வளவுகள் சந்தையில் விலைபோவது குறைவு. பெண்மக்களுக்குச் சீதனமாகவே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. சீதன உறுதியில் எழுதப்படும் தொகை ஒரு சடங்குத் தொகையேயன்றி, விலையன்று. அபூர்வமாக விற்பனை நிகழ்ந்தாலும் உறுதியில் உண்மை விலை எழுதப்படுவதில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதனைக் குறைக்கும் பொருட்டு விலையைக் குறைத்து எழுதுகின்றனர். நொத்தாரிசுமாரும் கண்டும் காணாதிருக்கின்றனர். (இவ்வழக்கம் தமக்கில்லை என்று கையுயர்த்த வல்லவர் நம் வாசகருள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.)

இத்தகைய ஊரில் காணிப் பதிவகப் புத்தகத்தை மட்டும் புரட்டி, “அயற்காணி இன்ன விலைக்கு விற்கப்பட்டது, ஆகவே இக்காணியின் பெறுமதியும் அதுவே” என்று எழுதும் மதிப்பாளர், அறிந்தோ அறியாமலோ பொய்யை அளவுகோலாக்குகின்றார். ஊருக்கு வந்து, வளவை நடந்து பார்த்து, நன்னீர்க் கிணறு உண்டா, மாரியில் வெள்ளம் எவ்வளவு நிற்கும், தென்னை காய்க்குமா என்று கேட்டறிவதே முறை. வயலென்றால் நீர் எங்கிருந்து வருகின்றது, ஒருபோகமா இருபோகமா என்பதும், உறுதிக் காணியா அன்றி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியா என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். காரின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போவது மதிப்பீடாகாது.

இதனால் விளையும் கேட்டை ஈட்டுக் கடனிற் காணலாம். கடன் கொடுக்கும் நாளில், கொடுத்தேயாக வேண்டும் என்ற அவசரத்தில் பெறுமதி ஏறுகின்றது. கடன் தவறி ஏலத்துக்கு வரும் நாளில், அதே காணி, அதே கிணறு, அதே தென்னை. ஆனால் “உடனடி விற்பனைப் பெறுமதி” என்ற பெயரில் விலை சரிகின்றது. அவசர விற்பனையில் விலை ஓரளவு குறைவது இயல்பே. எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்பதற்கு எழுத்தில் நியாயம் காட்டப்படாததே குற்றம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், மக்கள் பராட்டே என்றழைக்கும் அச்சட்டம், நீதிமன்றப் படியேறாமலே ஈட்டுக் காணியை ஏலமிட வங்கிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு அதிகாரமளித்தது. 2024இல் அதனைச் சிறிது காலம் இடைநிறுத்த வேண்டிய நிலை அரசாங்கத்துக்கே ஏற்பட்டது. நீதிபதி இல்லாத இடத்தில் மதிப்பாளரின் கையொப்பமே தீர்ப்பாகிவிடுகின்றது. தீர்ப்பு எழுதுபவனுக்கு ஒழுக்க விதி வேண்டாமா?

அரசாங்கம் காணி எடுக்கும்போதும் இதுவே நிலை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், விரும்பி விற்பவன் திறந்த சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய தொகையே சந்தைப் பெறுமதி என்கின்றது. நல்ல வரைவிலக்கணம். ஆனால், கரையோர மக்களுக்கு நேர்ந்ததை நினைவு கூருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலோரத்திற் கட்டடம் எழுப்பத் தடை வந்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அக்கோடு நின்ற காலத்தில் அதற்குள் அகப்பட்ட வளவை யார் வாங்குவார்? திறந்த சந்தையை அரசே அடைத்துவிட்டால், சந்தைப் பெறுமதி என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இத்தகைய தடையின் விளைவை நேர்மையான மதிப்பாளர் தம் அறிக்கையில் வெளிப்படையாக எழுதியேயாக வேண்டும்.

பிற நாட்டார் இதனைப் பட்டுத் தெளிந்தனர். அமெரிக்காவில் 1980களிற் சேமிப்புக் கடன் நிறுவனங்கள் பல வீழ்ந்தபோது, ஊதிப் பெருக்கப்பட்ட காணி மதிப்பீடுகளும் அதற்கொரு காரணமெனக் கண்டனர். 1989இல் மதிப்பாளருக்கு உரிமம் வழங்கும் முறையைச் சட்டமாக்கினர். கடனளிப்பவன் விரும்பும் தொகையைக் கூறினால்தான் கூலி என்ற உடன்பாட்டுக்கு இணங்கலாகாது. அறிக்கைக்கு ஆதாரமான கோவையை ஐந்து ஆண்டுகளேனும் பேண வேண்டும் என்பன அவர்களது விதிகள். விதி மட்டும் போதாது என்பதையும் அந்நாடே காட்டிற்று. 2007இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். கடன் கொடுக்கும் வங்கியின் நெருக்குதலுக்கு அந்நிறுவனம் பணிந்தது என்பதே குற்றச்சாட்டு. அதன் பின்னர் 2010இல் மதிப்பாளரின் சுதந்திரத்தைக் காக்கும் விதிகளை மேலும் இறுக்கினர். அயல்நாடான இந்தியாவும், கம்பனிச் சட்டத்தின் கீழ் மதிப்பிடுவோருக்கு 2017இல் விதிகள் வகுத்து, நடத்தைக் கோவை ஒன்றையும் அவற்றோடு இணைத்தது. அன்பளிப்பு வாங்குவதையும், காரியம் முடிந்தாற் கட்டணம் என்ற பேரத்தையும் அக்கோவை விலக்குகின்றது.

நம்மைக் கவர்ந்தது இன்னொன்று. அமெரிக்காவில் அவ்விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியரும் தனியே தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும். மதிப்பாளர் இரண்டாண்டுக்கொருமுறை மீண்டும் வகுப்பில் அமர வேண்டும். இது பெரிய காரியம். மாணவன் ஆசிரியரின் பாடத்தைவிட அவரது நடத்தையையே முதலிற் கற்கின்றான். காலையில் விரிவுரை மண்டபத்தில் நடுநிலையைப் போதித்துவிட்டு, மாலையில் அறிந்தவர் ஒருவருக்காகத் தொகையைக் கூட்டியோ குறைத்தோ கையொப்பமிடும் ஆசிரியர், ஒரு காணியை மட்டுமன்றி ஒரு தலைமுறையையே கெடுக்கின்றார். ஆகவே கற்பிப்பவரும், பயிலுநரைத் தம்மோடு வைத்துப் பழக்குபவரும் அதே ஒழுக்காற்று விசாரணைக்கு உட்படல் வேண்டும். மேலும், படுவான்கரை வயலைக் காணாத மாணவன் மட்டக்களப்பில் வயலை மதிப்பிடப் புறப்படலாகாது.

நாம் கேட்பது அதிகமன்று. மதிப்பாளர் நடத்தை விதிகள் தமிழில் அச்சாகி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வங்கிக் கிளையிலும் மக்கள் கண்ணிற் படும்படி தொங்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அது தூசு தட்டிப் பார்க்கும் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கலாகாது. அறிக்கையின் பிரதி காணிச் சொந்தக்காரனுக்கும் கிடைக்க வேண்டும். கடன்காரனே மதிப்பீட்டுக் கட்டணத்தைச் சுமக்கும்போது, தான் பணங்கொடுத்த அறிக்கையைத் தானே வாசிக்க அவனுக்கு உரிமையில்லை என்பது எந்த நீதி? முறைப்பாட்டைத் தமிழில் எழுதினால் விசாரணையும் பதிலும் தமிழிலேயே நடைபெறல் வேண்டும்.

அதுவரை நம் கமக்காரர் வாளாவிருக்கலாகாது. காணி எடுத்தற் சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், அதனைக் கூரை முகட்டிற் செருகிவைக்காதீர்கள். விசாரணைத் தினத்துக்கு ஏழு நாள் முன்னதாகவே, உங்கள் உரித்தையும் கோரும் நட்டஈட்டையும் அதனைக் கணித்த விதத்தையும் எழுத்தில் கையளிக்க வேண்டும். உறுதி, விளைச்சற் கணக்கு, கிணறு, வேலி, மரங்களின் விபரம் ஆகிய அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். இயலுமாயின் அயலவர் சிலர் கூடி ஒரு மதிப்பாளரை அமர்த்துங்கள், செலவு பங்காகும். தீர்ப்புத் தொகை போதாதெனின், அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். 22ஆம் நாள் வந்து எம் போன்றோரின் கதவைத் தட்டுவோரே அதிகம்.